இன்டர்ஃபியரா, இன்டர்வீனா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகி, செம்பூர்): மேல் வீட்டு பாத்ரூம்லேருந்து தண்ணி இறங்கி எங்க ஹால் சீலிங் பூரா மஞ்சள் கறை, பெயின்ட் உரிஞ்சு தொங்குது. அவங்ககிட்ட சொன்னா காதுலயே வாங்கல. சொசைட்டி செக்ரட்டரிக்கு 'கைண்ட்லி இன்டர்ஃபியர் இன் திஸ் மேட்டர்'னு ஒரு மெயில் எழுதி வெச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. இன்டர்வீன்தான் சரின்னு பையன் சொல்றான், ஆபீஸ்ல கேட்டா மீடியேட்னு போடுங்கறாங்க. எதைத்தான் போடறது?

பதில்: பையன் சொல்றதுதான் சரிங்க. அனுப்பறதுக்கு முன்னாடி இன்டர்ஃபியரை எடுத்துடுங்க.

நாம தமிழ்ல 'கலெக்டர் தலையிடணும்'னும் சொல்றோம், 'என் விஷயத்துல தலையிடாதே'ன்னும் சொல்றோம், ஒரே சொல்லுதான், எந்தத் தொனியில சொல்றாங்கன்னு வெச்சு கேக்கறவங்களுக்குப் புரிஞ்சுடும். இங்கிலீஷ்ல இந்த ரெண்டுக்கும் தனித்தனி சொல்லு இருக்கு, அதனாலதான் நம்மாளுங்க நல்லா படிச்சவங்க கூட இங்க சறுக்கிடறாங்க. இன்டர்ஃபியர்னா யாரும் கூப்பிடாம வந்து மூக்கை நுழைக்கறது, நடக்கற வேலையைக் கெடுக்கறது. பழைய பிரெஞ்சுல ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கறதுங்கற அர்த்தத்துல இருந்த சொல்லுலேருந்து வந்தது அது, குதிரை நடக்கறப்ப ஒரு கால் குளம்பு இன்னொரு கால்ல போய் இடிக்கும் பாருங்க, அதுக்கும் இங்கிலீஷ்ல இன்டர்ஃபியர்னுதான் பேரு. அந்த இடிக்கற குணம் இன்னும் அந்தச் சொல்லை விட்டுப் போகல. இன்டர்வீன் லத்தீன்லேருந்து வந்தது, நடுவுல வர்றது, அவ்வளவுதான், அதுல குத்தம் சொல்ற தொனி இல்ல.

நம்ம மும்பைலயே நல்ல உதாரணம் இருக்கு. ரூபா மதிப்பு ஒரேடியா சரியறப்ப ஃபோர்ட்ல இருக்கற ரிசர்வ் பேங்க் டாலரை வித்து அதை நிதானத்துக்குக் கொண்டு வரப் பார்க்கும், மறுநாள் பேப்பர்ல 'ஆர்பிஐ இன்டர்வீன்ட்'னுதான் போடுவாங்க. மார்க்கெட்டை அது போக்குல விடணும்னு நினைக்கற ஒருத்தர் அதே சமாச்சாரத்தை எழுதினா இன்டர்ஃபியர்னு எழுதுவார். பேங்க் பண்ணினது ஒண்ணுதான், எழுதறவர் எந்தப் பக்கம் நிக்கறார்ங்கறதை அந்தச் சொல்லு காட்டிடும். அதுக்காக இன்டர்வீன் எப்பவும் நல்ல சொல்லுன்னும் எடுத்துக்காதீங்க, ஒரு நாடு இன்னொரு நாட்டு விஷயத்துல இன்டர்வீன் பண்ணுச்சுன்னா பல சமயம் பட்டாளம் உள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

அப்ப மீடியேட் ஏன் வேண்டாம்? மீடியேட் பண்ண ரெண்டு பக்கமும் உக்கார சம்மதிக்கணும், நடுவுல இருக்கறவர் பேச வைப்பார், ஆனா முடிவு உங்க ரெண்டு வீட்டு கையிலதான் இருக்கும். மேல் வீட்டுக்காரங்க பேசவே வரலன்னுதானே உங்க கஷ்டமே? கமிட்டி தன் அதிகாரத்தை வெச்சு பிளம்பரை கூட்டிட்டு வந்து பார்க்கணும், லெட்டர் குடுக்கணும், அதைத்தான் நீங்க கேக்கறீங்க. அதனால 'ஐ ரெக்வெஸ்ட் த கமிட்டி டு இன்டர்வீன் இன் த லீக்கேஜ் மேட்டர்'னு போடுங்க, கூடவே சீலிங் போட்டோவும் எந்தத் தேதியிலேருந்து ஒழுகுதுங்கறதும் கட்டாயம் இருக்கட்டும். நாளைக்கு செக்ரட்டரி ரெண்டு வீட்டையும் ஆபீஸ்ல உக்கார வெச்சு டைல்ஸ் செலவு யாருதுன்னு பேச வெச்சார்னா அப்ப அது மீடியேஷன்.

கேள்வி (வாசகர், தாராவி): கடைக்காக லோன் எடுத்த பேப்பர்ல தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன்னு போட்டிருக்கு. உக்காந்து பேசி சமாதானமா முடிச்சுக்கறதுன்னு ஏஜென்ட் சொன்னார். சரிதானா?

பதில்: சரியில்லைங்க, இதை நீங்க தெரிஞ்சுக்கறது ரொம்ப முக்கியம். பேசி முடிச்சுக்கறதுக்குப் பேரு மீடியேஷன். ஆர்பிட்ரேஷன்ல நடுவர் ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டு தீர்ப்பு சொல்லிடுவார், அதுக்கு அவார்ட்னு பேரு, உங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும். 1996ம் வருஷத்து ஆர்பிட்ரேஷன் அண்ட் கன்சிலியேஷன் சட்டப்படி அந்த அவார்டை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக வழி இருக்கு, ஆனா ரொம்ப குறுகலான வழி, நடுவர் கணக்கைத் தப்பா பார்த்துட்டார்னு மட்டும் சொல்லி ஜெயிக்கறது கஷ்டம். நம்ம பத்திரிகைகள்ல ரெண்டுக்குமே மத்தியஸ்தம்னு எழுதிடறாங்க, குழப்பத்துல பாதி அங்கேருந்துதான் வருது. ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்தா சமாதானப் பேச்சுக்குத்தானே கூப்பிடறாங்கன்னு போகாம இருந்துடாதீங்க, நீங்க இல்லாமலே விசாரிச்சு அவார்ட் குடுத்துட முடியும். உடனே ஒரு வக்கீலைப் பாருங்க.

மீடியேஷனுக்குன்னு 2023ல தனிச் சட்டமே வந்திருக்கு, அதுல மீடியேட்டர் எந்த முடிவையும் உங்க மேல திணிக்க முடியாது, ஆனா நீங்களா ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டா அது கோர்ட் டிக்ரி மாதிரி செல்லும். கன்சிலியேஷனும் அதே குடும்பம்தான்.

கேள்வி (கல்லூரி மாணவி, மாட்டுங்கா): இன்டர்சீட், மீடியேட் ரெண்டுமே நடுவுல போய் பேசறதுன்னுதான் டிக்‌ஷனரில போட்டிருக்கு. எப்படி பிரிச்சுப் பார்க்கறது?

பதில்: யாருக்காகப் பேசறாங்கன்னு பாரும்மா, அதுலயே தெரிஞ்சுடும். இதுக்கு புறநானூறுல கோவூர் கிழார் பாடின ரெண்டு பாட்டு அடுத்தடுத்தே இருக்கு. 45ல நலங்கிள்ளி உறையூரை முற்றுகை போட்டிருக்கான், உள்ள நெடுங்கிள்ளி அடைச்சுக்கிட்டு இருக்கான், ரெண்டு பேருமே சோழங்க. புலவர் சொல்றார், உன்கூட சண்டை போடறவன் பனம்பூ சூடின சேரன் இல்ல, வேப்பம்பூ சூடின பாண்டியன் இல்ல, உன் கண்ணியும் (தலையில சூடற மாலை) ஆத்தி அவன் கண்ணியும் ஆத்தி, யார் தோத்தாலும் தோக்கறது உங்க குடிதான்னு. அவர் யார் பக்கமும் நிக்கல, ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் சொல்றார், அதான் மீடியேட். 46ல சோழ ராஜா கிள்ளிவளவன் மலையமான்ங்கற சிற்றரசனோட பிள்ளைங்களை யானைக்கால்ல போட்டு மிதிக்க வைக்கப் போறான். அந்தக் குழந்தைங்க யானையைப் பார்த்து அழுகையையே மறந்துட்டு, பழக்கமில்லாத அந்த மன்றத்தை மிரண்டு மிரண்டு பார்க்குதுங்க. கோவூர் கிழார் அதைச் சொல்லித்தான் ராஜாகிட்ட கெஞ்சறார். இங்க சமரசத்துக்கு இடமே இல்ல, அதிகாரம் மொத்தமும் ஒரு கையில, அந்தக் கைகிட்ட இன்னொருத்தருக்காக பரிஞ்சு பேசறார். இதான் இன்டர்சீட்.

பெருமாள்கிட்ட நமக்காக தாயார் எடுத்துச் சொல்றதை வைஷ்ணவங்க புருஷகாரம்னு சொல்வாங்க. புதன்கிழமை மாஹிம் சர்ச் நொவேனா ஜெபத்துக்குப் போற நம்ம ஜனங்க 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு மாதாகிட்ட சொல்றாங்க. ரெண்டும் இன்டர்செஷன்தான். எழுதறப்ப 'இன்டர்சீட் வித் த பிரின்சிபல் ஆன் பிஹாஃப் ஆஃப் த ஸ்டூடன்ட்'னு வரணும், யார்கிட்டங்கறதுக்கு வித், யாருக்காகங்கறதுக்கு ஆன் பிஹாஃப் ஆஃப். மீடியேட்டுக்கு பிட்வீன்.

கேள்வி (வாசகர், முலுண்ட்): காஷ்மீர் விஷயத்துல யாராவது மீடியேஷன்னு சொன்னாலே டெல்லி உடனே மறுத்துடுது. அந்தச் சொல்லுல அப்படி என்ன இருக்கு?

பதில்: மீடியேட்டர் வந்தாலே மூணாவதா ஒரு நாற்காலி போட்டாச்சுன்னு அர்த்தம். இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட 1972 சிம்லா ஒப்பந்தத்துல தகராறை ரெண்டு நாடும் நேரடியா பேசியோ, இல்ல ரெண்டு பேரும் ஒத்துக்கற வேற அமைதி வழியிலயோ தீர்த்துக்கறதா எழுதியிருக்கு. அந்த நாற்காலியை நாங்க ஒத்துக்கலங்கறதுதான் இந்தியாவோட நிலை. அதுக்கு முன்னாடி மூணாவது ஆள் இருந்ததுண்டு. 1960 சிந்து நதி ஒப்பந்தத்துல உலக வங்கி இருந்துச்சு, 1966 ஜனவரியில தாஷ்கென்ட்ல நம்ம பிரதமர் சாஸ்திரியையும் பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கானையும் உக்கார வெச்சது சோவியத் பிரதமர் கோசிகின். ராஜதந்திர பாஷைல குட் ஆஃபீசஸ்னு இன்னொண்ணு இருக்கு, இடம் குடுக்கறது, தகவல் கொண்டு போறது, அதோட சரி, இப்படி முடிச்சுக்கலாமேன்னு யோசனை சொல்ல ஆரம்பிச்சா மீடியேஷன் ஆயிடும். நடைமுறைல கோடு அவ்வளவு சுத்தமா நிக்காது, ஆனா வெளியுறவு அமைச்சகத்துல ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் வெளியில விடுவாங்க.

கேள்வி (வாசகி, டோம்பிவிலி): இன்டர்ஃபியர் இன், இன்டர்ஃபியர் வித், ரெண்டும் ஒண்ணா?

பதில்: இல்லைங்க. இன் போட்டா சம்பந்தமில்லாத விஷயத்துல மூக்கை நுழைக்கறது, வித் போட்டா இடைஞ்சல் பண்றது, 'த நாய்ஸ் இன்டர்ஃபியர்ஸ் வித் ஹெர் ஸ்டடீஸ்' மாதிரி. வித்துக்கு அப்புறம் ஆள் வந்தா மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. ஒரு குழந்தையோட இன்டர்ஃபியர் பண்ணினார்னு பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல எழுதினா பாலியல் அத்துமீறல்னு அர்த்தம், அதனால பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டு பொண்ணு படிப்பைக் கெடுக்கறார்னு கம்ப்ளைன்ட் எழுதறப்ப 'டிஸ்டர்ப்ஸ்'னே போட்டுடுங்க.