யுனைடெட்டின் அடுத்த நிர்வாகி யார்? கேள்வி பதில்

இங்கிலாந்தின் மென்செஸ்டர் யுனைடெட்டில் பயிற்றுநராக இருந்த ரூபன் அமோரிமுக்கு அடுத்து யார் வர வேண்டும் என்று கோலாலம்பூர் ரசிகர்கள் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நான் இங்கே சிறுவர்களுக்குக் காற்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் ஆட்டமுறை, அணி அமைப்பு, பயிற்றுநர் வேலை பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவே எழுதுகிறேன். வதந்திகளுக்கு இங்கே இடமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பிரிக்பீல்ட்ஸ்: அண்ணே, ஜிடான் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

ஜிடான் சாதனையாளர். பயிற்றுநராக ரியல் மட்ரிட்டுக்கு 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று முறை ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்று கொடுத்தார். ஆனால் ஒரு முதன்மை அணியை அவர் நடத்தியது அந்த ஒரு கிளப்பில்தான். ரொனால்டோ, மோட்ரிச், குரூஸ், ரமோஸ் எல்லாரும் அங்கே தயாராக இருந்தார்கள். பாதியில் நிற்கும் அணியைக் கட்டி எழுப்புவது வேறு வேலை. பேரைப் பார்த்து ஆள் எடுக்கக்கூடாது.

கேப்போங்: போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஜெயித்த அமோரிம் இங்கே ஏன் தடுமாறினார்? ஆள் சரியில்லையா, கிளப் சரியில்லையா?

நல்ல கேள்வி. 2021இல் ஸ்போர்ட்டிங்குக்கு 19 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். 2024இல் மறுபடியும் வாங்கிக் கொடுத்தார். திறமை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் முறை 3-4-3. பின்னால் மூவர், இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடும் விங்-பேக், நடுவில் இருவர் மட்டும், முன்னால் மூவர்.

2024 நவம்பரில் அவர் கைக்கு வந்த அணியோ முந்தைய பயிற்றுநர் டென் ஹாக் வேறு முறைக்காகச் சேர்த்தது. அன்டோனியை வாங்க 80 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். அவர், கர்னாச்சோ, ரேஷ்ஃபர்ட் எல்லாரும் ஓரத்தில் நின்று பந்தை வாங்கி உள்ளே வெட்டி வருகிற ஆட்டக்காரர்கள். அமோரிமின் முறையில் அவர்களுக்கு இடமே இல்லை. கடைசியில் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

தொலைக்காட்சி பந்தைத்தான் காட்டும். அரங்கில் உட்கார்ந்து பந்து இல்லாத பக்கத்தைக் கவனித்தால் சிக்கல் புரியும். விங்-பேக் மேலே போயிருக்கும்போது பந்து பறிபோகிறது. எதிரணி அவர் விட்டுப்போன ஓரத்துக்கு நீளமாக அடிக்கிறது. மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஓரத்தில் நிற்பவர் வெளியே போய்த் தடுப்பதா, உள்ளேயே நிற்பதா என்று ஒரு கணம் யோசிக்கிறார். அந்த ஒரு கணம் போதும். நடுவில் இருவர்தான் என்பதால் அந்த இடைவெளியை மூட வேறு ஆள் வர முடியாது. பழகிய அணிக்கு இதற்கெல்லாம் பதில் இருக்கும். பருவத்தின் நடுவில் வந்தவருக்குப் பழக்க நேரம் ஏது? முடிவு, அந்தப் பருவத்தின் பிரீமியர் லீக்கில் 42 புள்ளியோடு 15ஆம் இடம்.

நம்ம ஊரில் 2025 மே 28 அன்று புக்கிட் ஜாலிலில் ஆசியான் ஆல் ஸ்டார்ஸிடம் 1-0 என்று தோற்றதை வைத்து மட்டும் அவரை எடை போடாதீர்கள். 21ஆம் தேதி பில்பாவோவில் ஐரோப்பா லீக் இறுதியாட்டம், 25ஆம் தேதி ஆஸ்டன் வில்லாவோடு கடைசி லீக் ஆட்டம், மூன்றே நாளில் இங்கே. மியன்மாரின் மவுங் மவுங் லுவின் கோல் அடித்தபோது அரங்கம் அதிர்ந்தது நியாயமான சந்தோஷம். ஆனால் அந்த ஆட்டத்தில் அமோரிமைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆட்டக்காரர்களை வாங்குபவர் ஒருவர், ஆட வைப்பவர் இன்னொருவர் என்றால் இரண்டு பேரும் ஒரே ஆட்டமுறையை நம்ப வேண்டும். 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அவரையே நீக்கியது இந்தக் கிளப்பின் மேலிடம்தான். அங்கே தெளிவு வராமல் யார் வந்தாலும் இதே கதைதான்.

செராஸ்: கேரிக்? வீட்டுப் பிள்ளை அல்லவா?

ஆமாம், யுனைடெட்டின் முன்னாள் ஆட்டக்காரர். 2021இல் அங்கே இடைக்காலப் பயிற்றுநராக மூன்று ஆட்டம் பார்த்துக்கொண்டார். வில்லாரியலையும் ஆர்சனலையும் வென்றார், செல்சியோடு சமன் செய்தார். பிறகு இரண்டாம் நிலை லீக்கில் மிடில்ஸ்பரோவை முதல் பருவத்தில் நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார், ஆனால் பிரீமியர் லீக்குக்கு ஏற்ற முடியவில்லை. மரியாதைக்குரியவர்.

ஆனால் இடைக்கால வெற்றியைப் பார்த்து ஒப்பந்தம் போடாதீர்கள். சோல்ஷார் 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்கு இடைக்காலமாக வந்து முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார். பாரிஸில் 3-1 என்று ஜெயித்த இரவு எங்கள் மாமாக் கடையில் விடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. அதே மார்ச்சில் அவரை நிரந்தரமாக்கினார்கள். ஏப்ரலில் எவர்ட்டனிடம் 4-0 என்று தோல்வி, கடைசியில் ஆறாம் இடம். பருவம் முடியும்வரை பொறுத்திருந்தால் கிளப் அமைதியாக யோசித்திருக்கலாம்.

காஜாங்: ஜிடான் ஏன் கூடாது?

பிரிக்பீல்ட்ஸுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கிள்ளான்: கிளாஸ்னரா, இராவோலாவா? ஒருவரைச் சொல்லுங்கள் கோச்.

கிளாஸ்னர் 2022இல் பிராங்க்ஃபர்ட்டோடு ஐரோப்பா லீக் வென்றவர். 2025இல் கிரிஸ்டல் பேலஸுக்கு எஃப்.ஏ. கிண்ணம் வாங்கிக் கொடுத்தார், அதுவும் மென்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி. ஆனால் அவரும் பின்னால் மூவரை வைத்து ஆடுபவர். அதே கேள்வியை மறுபடி எழுப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

என் தேர்வு அண்டோனி இராவோலா. 4-2-3-1, அதாவது பின்னால் நால்வர்; பந்து போன அடுத்த நொடியே முன்னால் பாய்ந்து பறிக்கும் ஆட்டம். யுனைடெட்டின் தாக்குதல் ஆட்டக்காரர்கள் குன்யா, எம்பூமோ, செஸ்கோ மூவருக்கும் அது பொருந்தும். நடுக்கள ஆட்டக்காரர்களில் புருனோ முன்வரிசைக்குப் பின்னால் தன் பழைய இடத்தில் ஆடலாம், மைனூவுக்கும் வழி திறக்கும். 2025இல் அவர் பயிற்சி கொடுத்த போர்ன்மவுத் கிளப் ஹூய்சன், கெர்கெஸ், சபார்னி என்று தற்காப்பில் மூன்று பேரை விற்றது. அப்போதும் அவர் முறையை மாற்றவில்லை, புது ஆட்களைப் பழக்கினார். குறை என்னவென்றால் பெரிய கிளப்பின் அழுத்தத்தை அவர் இதுவரை சந்தித்ததில்லை. அதைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

ஷா ஆலம்: சவுத்கேட்?

2009இல் மிடில்ஸ்பரோவை விட்டபின் இங்கிலாந்தின் தேசிய அணிகளோடுதான் இருந்தார். நாள்தோறும் கிளப் பயிற்சி நடத்துபவர் வேண்டும். வேண்டாம்.

செந்தூல்: எப்பவும் ஐரோப்பியர்தானா? 2010இல் மலேசிய அணியை நடத்திய நம்ம ராஜகோபால் மாதிரி ஆட்களை உலகம் ஏன் பார்ப்பதில்லை?

இந்தக் கேள்விக்கு வந்த எதிர்வினைதான் அதிகம். "ஏ.எஃப்.சி. (ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு) பயிற்றுநர் உரிமத்துக்கு அங்கே மதிப்பில்லை" என்று சுங்கை பூலோவிலிருந்து ஒருவர். "ராஜகோபாலின் 2010 வெற்றி வெறும் அதிர்ஷ்டம்" என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் உரிமம். போஸ்டகோக்ளு ஆஸ்திரேலியாவோடு 2015 ஆசியக் கிண்ணத்தையும், யொக்கோஹாமாவோடு 2019 ஜப்பான் லீக்கையும் வென்றவர். 2021இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் அழைத்தபோது அவர் கையில் இருந்தது ஏ.எஃப்.சி. உரிமம். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யூஃபாவிடம் விதிவிலக்கு வாங்கித்தான் சேர்ந்தார். பில்பாவோ இறுதியாட்டத்தில் யுனைடெட்டை 1-0 என்று வீழ்த்தியது அப்போது அவர் நடத்திய டோட்டன்ஹாம்தான். கதவு கடினம், ஆனால் திறந்திருக்கிறது.

தம்பி, 2010 அதிர்ஷ்டம் என்று சொல்வதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் அந்த சுசூக்கி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் 5-1 என்று நொறுங்கினோம். அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்றோம். சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் கைருல் ஃபாமி பெனால்டியைத் தடுத்தார், சாஃபி இன்னொன்று போட்டார், மொத்தம் 4-2. அந்தக் கிண்ணத்தில் மலேசியாவின் முதல் பட்டம்.

அணியைப் பாருங்கள். அதில் நிறைய பேர் 2009இல் லாவோஸில் வியட்னாமை வென்று சீ விளையாட்டுத் தங்கம் வாங்கிய பிள்ளைகள். ராஜகோபால் அவர்களை இளைஞர் அணியில் வளர்த்து, அப்படியே மேலே கொண்டுவந்தார். 5-1 தோல்விக்குப் பிறகு கலையாமல் இருந்தார்கள் என்றால், பயிற்றுநர் கேட்பது என்ன என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தான். பயிற்றுநர் சத்தியநாதன் அதே 2010இல் கிளந்தானுக்கு முதல் மலேசியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்ததையும் மறக்காதீர்கள். அவர் 2023இல் மறைந்துவிட்டார்; அவர் வேலையைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. நம் ஊர்ப் பயிற்றுநர்கள் செய்ததை அதிர்ஷ்டம் என்று தள்ளுவது எனக்கு வலிக்கிறது.

பூச்சோங்: ஜிடானோடு ரொனால்டோவும் வந்தால்?

ஜிடான் கேள்விகளை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரவாங்: இதைப் படித்தபின் எனக்கும் பயிற்றுநர் ஆகும் ஆசை வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் 'டி' உரிம வகுப்பிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் சி, பி, ஏ, கடைசியில் புரோ. உங்கள் மாநிலச் சங்கத்தில் வகுப்புத் தேதியைக் கேளுங்கள். வகுப்புக்கு முன்பே பக்கத்துத் திடலில் பத்து வயதுப் பிள்ளைகளோடு உதவியாளராக நில்லுங்கள். அந்த வயதில் ஆட்டமுறை எண்களைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பந்தை வாங்கும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள்.