குண்டை எவ்வளவு ஆழத்தில் அமர்த்துவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: பாடசாலை அணியில் பத்து மீற்றர் வாயுத் துப்பாக்கி சுடும் தம் மகன் பயிற்சிக்குக் குழலை மடக்கித் திறக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியைப் பயன்படுத்துவதாகவும், குண்டுகள் அட்டையில் சிதறி விழுவதாகவும், அவற்றை இன்னும் ஆழமாகத் தள்ள ஒரு கருவியும் 4.52 மி.மீ. குண்டுப் பேணிகள் சிலவும் வாங்குமாறு விற்பனையாளர் ஒருவர் வற்புறுத்துவதாகவும் எழுதியுள்ளார்.

இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். குண்டு மென்மையான ஈயத்தாலானது. அதன் பின்பகுதி, பாவாடை போல, மெல்லியதாகவும் உட்குழிந்தும் இருக்கும். காற்றின் அழுத்தத்தில் அது விரிந்து குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களான புரிகளை அடைத்துக்கொள்கிறது. குழலின் பின்வாயில் அந்த விளிம்பு சற்றே துருத்தி நின்றாலும், குழலை மூடும்போது நசுங்கிவிடும். ஆகவே மகன் கட்டைவிரலால் குண்டை அழுத்தி, நகத்தால் தடவிப் பார்க்கும்போது எதுவும் தட்டாத மட்டத்தில் அமர்த்தினால் போதும். அதற்குக் கீழே தள்ளினால் வேகமும் படும் இடமும் மாறும். சில துப்பாக்கிகளில் அது நன்மை தரும், சிலவற்றில் கெடுக்கும். எந்த ஆழமாயினும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழமாக இருப்பதே முக்கியம். ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடுமுன் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும் என்பதையும் மகனுக்குச் சொல்லி வையுங்கள்.

பேணியில் உள்ள எண் குண்டின் தலை விட்டத்தைக் குறிக்கிறது. 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் வருபவற்றுள் பெரியதே சிறந்தது என்பது வியாபாரப் பேச்சு. அதைவிட மோசமானது, பேணியைத் திறந்து பொலித்தீன் பைகளில் பிரித்து விற்பது. ஒன்றோடொன்று உரசிப் பாவாடை வளைந்த குண்டை எவ்வளவு கவனமாக அமர்த்தினாலும் பயனில்லை. வெளிநாடுகளில் பல அளவுகளைச் சிறிது சிறிதாக வாங்கிச் சுட்டுப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். இங்கோ வந்திறங்கியதைத்தான் வாங்குகிறோம். பழகிய தொகுதி அடுத்த முறை கிடைப்பதுமில்லை. இறக்குமதித் தாள்களில் கையெழுத்திடுவோருள் ஒரு குண்டையாவது அமர்த்திப் பார்த்தவர் எத்தனை பேரோ!

சோதிக்கும்போது ஒரே பேணியிலிருந்து பத்துக் குண்டுகளை மட்டமாகவும், பத்தைச் சற்று ஆழமாகவும் சுடட்டும். ஐந்து குண்டுகளை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அழுத்தக் காற்று நிரப்பிய போட்டித் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கிச் சோதிக்கலாம், ஏனெனில் அதில் உதைப்பு மிகக் குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கியை அவ்வாறு இறுக்கலாகாது. குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்னரே அது உதைத்து அசைவதால், இறுக்கிப் பிடித்த இடத்துக்கேற்பக் குண்டு படும் இடமும் மாறும். உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஏந்த வேண்டும். போட்டித் துப்பாக்கி கிடைத்தபின் ஆழம் பற்றிய கேள்வியே பெரும்பாலும் எழாது. அதன் நெம்புகோலே குண்டை உரிய இடத்துக்குத் தள்ளிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்பு மரப்பிடியின் திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள். என்னிடம் பயின்ற ஒரு பையன் மூன்று பேணிகள் மாற்றியபின்னரே முன்பக்கத்துத் திருகாணி அரைச் சுற்றுத் தளர்ந்திருப்பதைக் கண்டோம்.