ஏற்காட்டுப் பழைய ஆலயம்: பூச்சு வேலை கடைசியில்தான்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் சபையின் பழைய ஆலயம் நூறு வருடத்தைத் தாண்டியது. கருங்கல் சுவர், மங்களூர் ஓடு. ஆராதனை புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டதால், இதைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் ஊர்க் கூட்டங்களுக்கும் திறந்துவிட நினைக்கிறோம். சில வருடங்களுக்கு முன் சிமெண்ட் பூசியும் உள்சுவரின் அடிப்பகுதி உதிர்கிறது. அதைக் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூசலாம் என்கிறார் காண்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உதிர்வதற்குப் பெரும்பாலும் அந்த சிமெண்ட்தான் காரணம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட் என்ற கெட்டியான பாறை வகை. தண்ணீரை அநேகமாகக் குடிக்காது. அதனால் சுவருக்குள் போகும் ஈரம் எல்லாம் கல்லுக்கு இடையில் உள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் வரும், போகும். அந்த வழியை சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைச் சுமந்துகொண்டு பூச்சைத் தள்ளும். நானும் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பழைய பங்களாவுக்கு இதே சிமெண்டைப் பூசினேன். இரண்டாவது மழையில் உப்புப் பூத்து, ஓனர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலில் மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஏற்காட்டில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. உடைந்த ஓடு எது, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் கரையான் தின்றது எது, ஓட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். பக்கத்தில் சில்வர் ஓக் இருந்தால் அதன் இலை மழைநீர்க் காவாயை அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே பாதி ஈரம் போய்விடும். பல காலமாக மண் ஏறி ஏறி, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். சுவரை ஒட்டி அந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் சரிவுப் பக்கம் ஓடக் காவாய் வெட்டுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்காதீர்கள், கல்லும் கூடவே வரும். அடியில் வெட்டி, துளிர்க்கும்போதெல்லாம் மறுபடி வெட்டி, வேரைச் சாகவிடுங்கள்.

அப்புறம்தான் பூச்சு. சிமெண்டைச் சின்ன உளியால் மெதுவாகப் பெயர்த்து, சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்து காயவிடுங்கள். சபையார் அவசரப்படுவார்கள், பொறுக்கச் சொல்லுங்கள். சேலத்தின் சுண்ணாம்புக் கரட்டில் கிடைப்பது பெயருக்குத்தான் சுண்ணாம்பு, அது மாக்னசைட் என்ற வேறு கனிமம். உங்களுக்கு வேண்டியது சுண்ணாம்புக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் போட்டு நீற்றி இரண்டு மூன்று வாரமாவது ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேருங்கள். ஈரம் அதிகமுள்ள அடிப்பகுதிக்கு மணலில் கொஞ்சம் குறைத்து, நன்றாக வெந்த செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை பூசி, ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை போதும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் மறுபடி அதே கதைதான்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: சொத்து திருமண்டலத்தின் (பேராயரின் நிர்வாகம்) பெயரில் இருந்தால் அவர்களிடம் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருவதால், கழிப்பறை போன்ற புதுக் கட்டுமானத்துக்கு உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கழிப்பறையைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டவே கூடாது.

உள்ளே டைல்ஸ் வேண்டாம், ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம். நினைவுக் கல்வெட்டுகளை இருக்கும் இடத்திலேயே விடுங்கள், அவை அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமான துக்கம். வயரிங்கை சுவரைக் கொத்தாமல் வெளியில் பைப் போட்டு இழுங்கள். உயரமான கூரையில் பிள்ளைகளின் சத்தம் எதிரொலிக்கும். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பவானி ஜமக்காளம் நாலைந்து வாங்கித் தரையில் விரித்து, பின்சுவரில் இரண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் சுவருக்கும் காற்று படும்.