பிள்ளைகளின் திருமணத் தேர்வை ஒட்டிய குடும்பச் சண்டை ஏன் நகைச்சுவை நாடகங்களில் ஓயாமல் வருகிறது?

கதைக்குச் சண்டை வேண்டும், ஆனால் யாரும் சாகக் கூடாது. அதற்குத் தோதானது இந்தச் சண்டைதான். கோபத்துக்கு அடியில் பாசம் கிடக்கிறது.

கிரேக்கரான மெனாண்டரின் 'டிஸ்கொலோஸ்' கி.மு. 316இல் பரிசு வென்ற நாடகம். அதில் க்நேமோன் என்ற சிடுமூஞ்சித் தகப்பன் யாரையும் வாசலில் அண்டவிடுவதில்லை. அவர் மகளை விரும்பும் பணக்கார இளைஞன் கிட்டே நெருங்கவே நடுங்குகிறான். ஒருநாள் கிழவர் கிணற்றில் விழுகிறார். தூக்கிவிடுவது, பிரிந்துபோன மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த மகன். மனம் தளர்ந்த கிழவர், மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைக்கிறார். கவனியுங்கள்: வாதம் அவரை அசைக்கவில்லை, கிணறுதான் அசைத்தது. (பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

பிறகு ரோமில் பிளாட்டஸ், டெரென்ஸ் என்ற நாடகாசிரியர்களும் இதே அச்சில் வார்த்தார்கள். அங்கே இன்னொரு உத்தி உண்டு: தகப்பன் வெறுக்கும் பெண், கடைசியில் சிறு வயதில் தொலைந்த நல்ல குடும்பத்து மகளாகத் தெரியவருவாள். வீம்பு குறையாமலே அவர் சம்மதித்துவிடலாம். எனக்கென்னவோ அது அழுகுணி ஆட்டமாகவே படுகிறது.