புதிதாக வகுப்பாசிரியர் ஆகியிருக்கிறேன், எட்டாம் வகுப்பு, 40 பிள்ளைகள். அவர்களோடு நல்ல உறவை எப்படி வளர்ப்பது?

முதல் வாரத்துக்குள் எல்லாப் பெயரும் தெரிந்துவிட வேண்டும். பெஞ்சு வாரியாக ஒரு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். 'ஏய், கடைசி பெஞ்சு' என்று கூப்பிட்டால் அந்தப் பையன் கடைசி பெஞ்சுக்காரனாகவே நடந்துகொள்வான்.

அடங்காத பிள்ளை ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தினமும் 2 நிமிடம் வீதம் 10 பள்ளி நாள் பேசுங்கள். படிப்பு, மார்க், ஒழுக்கம் எதுவும் வேண்டாம். கபடி, தம்பி, வீட்டு ஆடு, எதுவானாலும் சரி. முதல் மூன்று நாள் 'ம்', 'இல்ல சார்' என்றுதான் பதில் வரும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இன்னொரு தவறு, நான்காம் நாளே 'சரி, ஹோம்வொர்க் ஏன் எழுதல?' என்று கேட்பது. அதுவரை பேசியதெல்லாம் தூண்டில் என்று அவனுக்குப் புரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள், தொடர முடியாது.

கண்டிப்பதைத் தனியாக, தணிந்த குரலில், செய்த செயலை மட்டும் சொல்லிச் செய்யுங்கள். சக பிள்ளைகள் முன்னால் திட்டினால், மானத்தைக் காப்பாற்றவே எதிர்த்துப் பேசுவான். மார்க்கை உரக்க வாசிக்காமல், விடைத்தாளைக் கையில் கொடுங்கள். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு என்று வகுப்பில் வைத்துக் கேட்கவே கூடாது; நம் ஊரில் அது சாதியை விசாரிப்பதாகவே போய் முடியும்.

கேள்வி கேட்டபின் 3 விநாடியாவது காத்திருங்கள். தயங்குகிற பிள்ளையும் வாய் திறக்கும். நண்பனாகிவிடுகிறேன் என்று விதிகளைத் தளர்த்தாதீர்கள். தாமதமாக வந்தால் என்ன நடவடிக்கை என்பது எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், முதல் ரேங்க் மாணவிக்கும்.