கடந்த சில ஆண்டுகளில் சோதனை அணுக்கரு இயற்பியலில் உங்களை அசத்திய ஆய்வு எது?

தோரியம்-229. யோசிக்காமலே சொல்வேன். அந்த அணுக்கருவை லேசரைக் கொண்டு ஓர் உயர் ஆற்றல் நிலைக்குத் தாவவைத்த ஆய்வு.

முதுகலை படித்தபோது ஆய்வகத்தில், காமா கதிர்களின் ஆற்றலை அளக்கும் ஒரு ஜெர்மானியம் டிடெக்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து, கோபால்ட்-60 மூலத்தை முன்னால் வைத்தால், திரையில் 1173, 1332 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு) இடங்களில் இரண்டு சிகரங்கள் மெல்ல எழும்பும். பார்க்க ஊசி மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஊசியின் அகலமே சுமார் 2000 எலக்ட்ரான் வோல்ட். அதைத்தான் நல்ல டிடெக்டர் என்று மெச்சிக்கொள்வோம். தோரியம்-229 விஷயத்தில் தேடப்பட்ட மொத்த ஆற்றலே 8.4 எலக்ட்ரான் வோல்ட்தான்.

அணுவில் இருக்கும் எலக்ட்ரானை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். அதனால்தான் லேசரைக் கொண்டு அதை ஆட்டிவைக்க முடிகிறது, அணுக் கடிகாரமும் அப்படித்தான் ஓடுகிறது. அணுக்கரு அவ்வளவு சுலபத்தில் மசியாது. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் கேட்கும். தெரிந்த அணுக்கருக்களில் தோரியம்-229 மட்டும் லேசருக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளர்வு நிலையை, அதாவது இயல்பான அடிநிலைக்கு மேலுள்ள ஓர் ஆற்றல் நிலையை, வைத்திருக்கிறது. அதற்கு அடுத்த இடத்தில் இருக்கும் யுரேனியம்-235 கூட 76 எலக்ட்ரான் வோல்ட் கேட்கிறது.

இப்படி ஒரு நிலை இருக்க வேண்டும் என்பது 1976-லேயே தெரிந்துவிட்டது. யுரேனியம்-233 சிதைந்து தோரியம்-229 ஆகும்போது வெளிவரும் காமா கதிர்களை க்ரோகர், ரீச் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அடிநிலையை ஒட்டி, 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள், இன்னொரு நிலை இருந்தால்தான் கணக்கு ஒத்துவந்தது. சரி, எவ்வளவு ஒட்டி? மேலே இருக்கும் ஒரே நிலையிலிருந்து அடிநிலைக்கு ஒரு காமா, இந்தப் புது நிலைக்கு ஒரு காமா. இரண்டையும் அளந்து கழித்தால் விடை. சொல்ல எளிது. ஓட்டுநரோடு சேர்த்து லாரியை ஒரு தடவை எடை போட்டு, அவர் சட்டைப்பையிலிருக்கும் நாணயத்தை எடுத்துவிட்டு மறுபடி எடை போட்டு, நாணயத்தின் எடையைக் கண்டுபிடிக்கிற மாதிரி வேலை இது.

1994-ல் வந்த விடை 3.5 எலக்ட்ரான் வோல்ட், பிழை கூடக்குறைய 1. எல்லாரும் அதை நம்பி சாதாரண புற ஊதா ஒளியில், 350 நானோமீட்டர் பக்கம், தேட ஆரம்பித்தார்கள். 1997, 1998-ல் ஒளி தெரிந்துவிட்டது என்றே அறிவிப்புகள் வந்தன. அப்புறம் பார்த்தால், மாதிரியிலிருந்து வந்த ஆல்ஃபா துகள்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மோதி ஒளிரவைத்திருக்கின்றன. கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பின்னணி இரைச்சலை சிகரம் என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்கச் சந்தோஷமாக இருந்த அனுபவம் எனக்கும் உண்டு.

2007-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக் குழு நாசாவின் எக்ஸ் கதிர் நுண்கலோரிமானியைக் கொண்டு மறுபடி அளந்தது. ஒரு ஃபோட்டான் விழும்போது ஏற்படும் துளி வெப்பத்தை அளக்கும் கருவி அது. சிகரத்தின் அகலம் 26 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்கியது. பழைய டிடெக்டர்களில் ஒன்றாக ஒட்டித் தெரிந்த கோடுகள் தனித்தனியாகப் பிரிந்தன. விடை 7.6. ஆக, இத்தனை வருஷம் தப்பான முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சரியான முகவரி இருப்பது காற்றே உறிஞ்சிவிடும் புற ஊதாப் பகுதியில். வெற்றிடத்துக்குள்தான் வேலை நடக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. தோரியத்தின் வெளி எலக்ட்ரானைப் பிய்க்க 6.3 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால், மின்சுமையற்ற அணுவாக இருந்தால் அணுக்கரு தன் ஆற்றலை எலக்ட்ரானிடம் கொடுத்து அதை உதைத்துத் தள்ளிவிடும். ஒளியே வராது.

2016-ல் மியூனிக் குழு அப்படி வெளியேறும் எலக்ட்ரான்களையே பிடித்து, நிலை இருப்பதை முதன்முதலாக நேரடியாகக் காட்டியது. 2023-ல் செர்ன் ஆய்வு மையத்தின் ஐசோல்டே கூடத்தில் ஆக்டினியம்-229 படிகத்துக்குள் இருக்கும்படி செய்து, அது சிதைந்து உண்டாகும் தோரியத்திலிருந்து ஒளியே வருவதைப் பார்த்தார்கள்: 8.338, பிழை 0.024. தேட வேண்டிய பரப்பு திடீரென்று சுருங்கியது.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த கட்டம். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோரியம்-229 கலந்து வளர்த்த கால்சியம் ஃப்ளோரைடு படிகம், ஜெர்மனியின் அளவியல் நிறுவனமான பி.டி.பி.யின் லேசர். லேசரைக் கொஞ்ச நேரம் படிகத்தில் பாய்ச்சு, நிறுத்து, ஒளி கசிகிறதா பார். அலைநீளத்தை ஒரு துளி நகர்த்து, மறுபடி பாய்ச்சு. 148.38 நானோமீட்டருக்கு வந்தபோது, லேசரை அணைத்த பிறகும் படிகம் மினுங்கியது. அந்த மினுக்கத்தின் சராசரி ஆயுள் 630 வினாடி, பத்து நிமிஷத்துக்கும் மேல். இது தோரியம்-229-தானா, படிகத்தின் விளையாட்டா? தோரியம்-232 கலந்த படிகத்தில் அதையே செய்து பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. 2024 ஏப்ரலில் கட்டுரை வெளியானது.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஜிலா ஆய்வு நிறுவனத்தில் ஜுன் யே குழு, அதிர்வெண் சீப்பு என்கிற லேசர் உத்தியால் இந்த ஒளியின் அதிர்வெண்ணை ஸ்ட்ரான்சியம் அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தது: 2,020,407,384,335 கிலோஹெர்ட்ஸ், பிழை 2 கிலோஹெர்ட்ஸ். படிகத்தின் மின்புலத்தால் ஒரே கோடு பல கோடுகளாகப் பிரிவதும் தெளிவாகத் தெரிந்தது.

செய்திகளில் 'அணுக்கரு கடிகாரம் வந்துவிட்டது' என்று தலைப்பு போட்டார்கள். இன்னும் வரவில்லை. படிகத்துக்குள் கோடு அகலமாக இருக்கிறது, வெப்பநிலை மாறினால் நகர்கிறது. துல்லியத்தில் ஸ்ட்ரான்சியம் கடிகாரமே இன்னும் எங்கோ முன்னால் நிற்கிறது. ஆனாலும் இந்த அளவீட்டுக்கு வேறொரு பயன் உண்டு. அந்த 8.4 எலக்ட்ரான் வோல்ட் என்பது, அணுக்கருவுக்குள் மின்விசையும், அணுக்கருவைச் சேர்த்துப் பிடிக்கும் வன்விசையும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுக்க ஈடுகட்டிய பின் எஞ்சும் சில்லறை. இயற்கையின் அடிப்படை மாறிலிகள் துளி அசைந்தாலும் இந்தச் சில்லறை பெரிதாக மாறும் என்பதால் இருண்ட பொருளை, அதாவது பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பொருளை, தேடுபவர்களும் இப்போது இதில் இறங்கியிருக்கிறார்கள்.

எனக்கு என்னவோ அந்த 1994-ம் ஆண்டு எண்ணைத்தான் மறக்க முடியவில்லை. 3.5, பிழை 1. உண்மை விடை 8.36. பிழைக்கோட்டைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு தள்ளி நிற்கிறது. அளந்தவர்கள் கவனக்குறைவானவர்களும் இல்லை. ஒட்டிக்கிடந்த இரண்டு கோடுகளை அவர்களுடைய டிடெக்டரால் பிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.