லடாக் டூர்: எதைப் பார்ப்பது என்பதை விட எங்கே தூங்குவது என்பது முக்கியம்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. வயது 61. கணவருக்கு 67. பல வருஷமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக இருக்கிறார். எங்கள் ஊர் டூர்க்காரர் ஒருவர் ஜூலையில் காஷ்மீர், லடாக் குழுச் சுற்றுலா அழைத்துப் போகிறார். ஸ்ரீநகரில் இரண்டு நாள், அங்கிருந்து ஒரே நாளில் வேனில் லே, மறுநாளே கர்துங் லா கணவாய் வழியாக நூப்ரா, அடுத்து பாங்காங் ஏரி, பிறகு லேயிலிருந்து விமானத்தில் டெல்லி. மலைகளையும் பழைய மடாலயங்களையும் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் மூச்சு முட்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். மகன், "வேனெல்லாம் வேண்டாம், நேரே லேவுக்கு ஃப்ளைட்டில் போய் இறங்குங்கள்" என்கிறான். கணவரோ, "காசு கட்டிப் போகிறோம், நோட்டீஸில் போட்டிருக்கிற ஒரு இடத்தையும் விடக் கூடாது" என்கிறார். என்ன செய்யட்டும்?

- திருச்சி வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

டாக்டர் சரி என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இந்த நோட்டீஸில் இருக்கிறபடி போகாதீர்கள்.

அந்த நோட்டீஸைக் கையில் எடுங்கள். என்னென்ன இடம் காட்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு இரவும் எந்த ஊரில் தங்க வைக்கிறார்கள் என்று மட்டும் அடிக்கோடு போடுங்கள். பக்கத்திலேயே அந்த ஊரின் உயரத்தையும் எழுதுங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். அதாவது நம் ஊட்டியை விடத் தாழ்வு, ஊட்டி 2,240. லே 3,500. உங்கள் டூர்க்காரர் 1,600-இல் தூங்கி எழுந்தவர்களை அன்று ராத்திரியே 3,500-இல் படுக்க வைக்கிறார். சிக்கலே இதுதான்.

லேயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், திருச்சியில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். 3,000-க்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்கிறார்கள். பகலில் ஒரு உச்சிக்குப் போய் உடனே இறங்கிவிடுவதை உடம்பு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

மகன் அக்கறையில் சொல்கிறார், ஆனால் அவர் சொல்லும் வழி இதை விடக் கடினம். டெல்லி சுமார் 200 மீட்டர் உயரம். அங்கே விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் 3,500-இல் இறங்கிவிடுவீர்கள். அப்படிப் போகிறவர்கள் முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் வெளியே வராமல் ஓய்வெடுக்க வேண்டும். சாலை வழி உடம்புக்கு நல்லது. உங்கள் டூர்க்காரர் நல்ல பாதையைத்தான் பிடித்திருக்கிறார். 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற மலைப்பாதையை ஒரே நாளில் அடித்துக்கொண்டு போய், கிடைத்திருக்க வேண்டிய பலனைக் கெடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் இந்தத் தடத்தில் ஓடிய பஸ்களே கார்கிலில் ஒரு இரவு தங்கித்தான் போகும்.

ஆகவே அவரிடம் இப்படிக் கேளுங்கள்: ஸ்ரீநகரிலிருந்து கிளம்பி முதல் இரவு கார்கில், சுமார் 2,700 மீட்டர். இரண்டாவது இரவு அல்ச்சி, அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்கும் உலே டோக்போ. இரண்டும் சுமார் 3,100 மீட்டர்தான், தங்குவதற்கு இடம் உண்டு. மூன்றாவது இரவு லே. அதற்கு மறுநாள் லேயிலேயே மெதுவாக நடந்து கழிக்கிற நாள். இதற்கு வேண்டிய நாட்களை எங்கிருந்து எடுப்பது? பாங்காங்கிலிருந்து எடுங்கள். அந்த ஏரி சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகிற வழியில் 5,000 மீட்டருக்கு மேலான சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பகல் முழுக்க வண்டிக்குள்தான். இரவு தங்கினாலோ படுக்கை 4,250-இல். உங்கள் இருவர் வயதுக்கும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த ஏரியின் நீலம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வரலாறு சொல்லிக்கொடுத்த உங்களுக்கு வேண்டியதெல்லாம் சாலை ஓரத்திலேயே இருக்கிறது, அதைத்தான் இந்த நோட்டீஸ் ராத்திரி இருட்டில் தாண்டிப் போகிறது.

ஸ்ரீநகரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஷாலிமார், நிஷாத் தோட்டங்களை எல்லோரும் காட்டுவார்கள். ஷாலிமார் ஜஹாங்கீர் 1619-இல் போட்டது. கூடவே ஒரு நாள் தெற்கே அவந்திபுராவின் பழைய கோயில் இடிபாடுகளும் மார்த்தாண்ட சூரியன் கோயிலும் கேட்டு வாங்குங்கள். மார்த்தாண்டம் 8-ஆம் நூற்றாண்டில் காஷ்மீர மன்னன் லலிதாதித்தன் கட்டியது. இடிந்து கிடக்கிறது, ஆனாலும் நடுவே நின்று சுற்றியிருக்கும் தூண் வரிசையைப் பார்த்தால் காஷ்மீரச் சிற்பிகள் எப்படிப்பட்டவர்கள் என்பது புரிந்துவிடும். இதை முன்னால் பார்த்துவிடுவது ஏன் அவசியம் என்று அல்ச்சியில் தெரியும்.

சோனாமார்க் தாண்டியதும் ஸோஜி லா, 3,528 மீட்டர். பாகிஸ்தானோடு நடந்த முதல் போரில், 1948 நவம்பரில் தளபதி திம்மையாவின் படை இந்த உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றிக் கணவாயைப் பிடித்தது. அந்தச் சாலையின் வளைவுகளைப் பார்க்கும்போது டாங்கி எப்படி வந்திருக்கும் என்று வியப்பாக இருக்கும். கணவாயைத் தாண்டினால் மரங்கள் நின்றுவிடும், மலை நிறம் மாறிவிடும். பிறகு திராஸ். டோலோலிங் மலையடியில் கார்கில் போர் நினைவிடம், சாலையை ஒட்டியே. சுவரில் 1999-இல் உயிர் கொடுத்தவர்களின் பெயர்கள். மேஜர் சரவணனைப் பற்றி ஒரு திருச்சிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டாலிக் பகுதியில் வீழ்ந்து, மறைவுக்குப் பின் வீர் சக்ரா பெற்றவர். இங்கே பத்து நிமிஷம் என்று வண்டிக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மணி நேரம் கேளுங்கள்.

கார்கிலுக்கு அப்புறம் முல்பெக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேய புத்தர், சாலையோரத்திலேயே நிற்கிறார். அடுத்து ஃபோட்டு லா கணவாய், 4,108 மீட்டர். ஸ்ரீநகர் - லே சாலையில் இதுதான் உச்சம். இறங்கினால் லாமாயுரு மடாலயம், அதைச் சுற்றி மஞ்சள் களிமண் மடிப்புகள்.

அல்ச்சிக்கு வருகிறேன். லடாக்கின் பெரிய மடாலயங்கள் பெரும்பாலும் குன்றின் மேல் இருக்கும், படி ஏற வேண்டும். அல்ச்சியோ சிந்து நதிக் கரையில் சமதளத்தில் இருக்கிறது, மூட்டு வலிக்காரர்களுக்கு இதை விட வசதி கிடையாது. சும்ட்செக் என்ற மூன்று அடுக்குக் கோயிலுக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, கண் இருட்டுக்குப் பழக வேண்டும். மூன்று பக்கச் சுவர் மாடங்களில் ஆளுயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய போதிசத்துவர்கள், தலை மேல் அடுக்குக்குள் போய்விடும். இடுப்பு வேட்டியைப் பாருங்கள். அவலோகிதேஸ்வரரின் வேட்டி முழுக்கச் சிறுசிறு ஓவியங்கள்: காஷ்மீரத்துக் கோயில்கள், அரண்மனைகள், வழிபடும் மக்கள். மைத்ரேயர் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 சித்தர்கள். காஷ்மீர ஓவியர்கள் வந்து தீட்டியது என்பதுதான் அறிஞர்கள் கருத்து. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் அந்தக் கால ஓவியம் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. மார்த்தாண்டத்தில் கல் மட்டும் பார்த்தீர்கள் அல்லவா, அந்த நாட்டின் வண்ணம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. சின்ன டார்ச் கொண்டு போங்கள். டூர் மேனேஜர் வழிகாட்டி ஆகமாட்டார், அங்கே விவரம் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கணவர் விஷயம். ஒன்றையும் விடக் கூடாது என்கிறவரிடம் "இது வேண்டாம், அது வேண்டாம்" என்று ஆரம்பித்தால் பேச்சு நடக்காது. கர்துங் லாவுக்கு மட்டும் சம்மதித்துவிடுங்கள், ஆனால் பயணத்தின் கடைசியில். லேயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். மூன்று நான்கு இரவு 3,000-க்கு மேல் தூங்கிப் பழகி, தலைவலி எதுவும் இல்லாமல், டாக்டரும் சரி என்று சொல்லியிருந்தால், காலையில் போய் உச்சியில் கால் மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். அங்கே பலகையில் வெகுகாலம் 18,380 அடி என்று போட்டிருந்தார்கள். அளந்து பார்த்ததில் 5,359 மீட்டர், சுமார் 17,580 அடி. அங்கே ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். நூப்ரா பள்ளத்தாக்கு லேயை விடத் தாழ்வு என்றாலும், போக வர இரண்டு முறை இந்தக் கணவாயைத் தாண்டியாக வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய டாக்டரைப் பாருங்கள். உயரத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பி.பி. மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். மலை நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு கொடுப்பது வழக்கம். அதை அக்கம்பக்கத்தார் சொல்லி வாங்காதீர்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரை, மது இரண்டும் அங்கே ஆகாது.

குழுவோடு போவதில் எனக்கு நிஜமாகவே கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. காலையில் தலை வலிக்கும், வயிறு புரட்டும். ஆனால் "நம்மால் இருபது பேர் பயணம் கெடக் கூடாது" என்று சொல்லாமல் வண்டியில் ஏறிவிடுவார்கள். பெண்கள் அதிகம் இப்படிச் செய்வார்கள். நீங்கள் செய்யாதீர்கள். தலைவலி இருக்கும்வரை இன்னும் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கீழே இறங்க வேண்டும். வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு யார் தங்குவார், தனி வண்டி உண்டா என்று டூர்க்காரரிடம் கேளுங்கள். ராத்திரியில் மலைப்பாதையில் ஓட்டுவாரா என்றும் கேளுங்கள். லேயில் சுற்றிப் பார்க்க உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். அந்தச் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வது நல்லது. கூடவே சமையல்காரர் வருகிறார் என்றால் பெரிய குக்கர் வருகிறதா என்று பாருங்கள். லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் சரியாக வேகாது.

ஜூலையையும் மாற்றச் சொல்லுவேன். அது அமர்நாத் யாத்திரைக் காலம். பால்தல் முகாம் சோனாமார்க்குப் பக்கத்தில்தான், இதே சாலையில் அவ்வளவு கூட்டமும் வரும். யாத்திரை ஆவணி அவிட்டத்தை ஒட்டி முடிந்துவிடும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் நல்ல மாதங்கள். அப்போதும் மண் சரிந்தால் ஸோஜி லா மூடப்படலாம், ஒரு நாள் உபரியாக இருக்கட்டும். பஹல்காமில் 2025 ஏப்ரலில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரில் சில இடங்களை மூடினார்கள், பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூர்க்காரர் இதற்கெல்லாம் ஒத்துவராவிட்டால் அட்வான்ஸ் கட்டாதீர்கள். உங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், சம்பந்தி வீட்டார் என்று எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் ஸ்ரீநகரிலிருந்து ஒரு டெம்போ டிராவலர் பேசிக்கொள்ளலாம். எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அப்போது நீங்களே தீர்மானிக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது என்பதால் ஒருவராவது போஸ்ட்பெய்ட் எண் வைத்துக்கொள்ளுங்கள். லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் கிளம்பும், வானிலை சரியில்லை என்றால் ரத்தாகும். அன்றைக்கே டெல்லியிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் போடாமல், டெல்லியில் ஒரு இரவு தங்கி மறுநாள் மதியம் கிளம்புவதுபோல் போடுங்கள்.